நானூறு மீட்டர்

பழைய டயரின் நடுமுதுகு தேய்ந்து
உள்நூல் பல்லைக் காட்டிய அன்று
கணக்கெழுத ஆரம்பித்தேன்,
டர்பைன் லாக் புத்தகத்தின் கடைசித் தாளில், ஒரு வாரம்.
ராதாபுரத்திலிருந்து என் பதினேழாம் நம்பர் காற்றாலை வரை
தார் ஒன்பது கிலோமீட்டர்.
உடைமுள்ளும் நெருஞ்சியும் கிடக்கிற ஒற்றையடி ஒன்றரை.
கம்பெனி போட்ட சரல் மூன்று.
ஒற்றையடிக்கும் சரலுக்கும் நடுவே
நானூறு மீட்டர் தேரி.
சிவப்பு மணல்.
அங்கே எப்பேர்ப்பட்டவனும் இறங்கித் தள்ளத்தான் வேண்டும்.

திசையன்விளை, தவசிமுத்து அண்ணாச்சி கடை.
"என்ன அளவுவே?"
"இருபத்தாறு."
"அது ரிம்முல இருக்கு. அகலத்தச் சொல்லும்."

ஒன்று சாரைப்பாம்பு வழவழப்பு.
தாரில் சத்தமே வராது என்றார்,
நெருஞ்சிக்கு அது பஞ்சு மெத்தை என்று
அவரே சேர்த்துக்கொண்டார்.
இன்னொன்று பலாக்காய்.
கட்டைவிரல் கனத்துக்கு முட்டு முட்டாய்.
எனக்கு வந்ததிலிருந்து அதன்மேல்தான் கண்.

கணக்கைக் காட்டினேன்.
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிப் படித்தார்.
"நானூறு மீட்டருக்காவ
ஒம்போது கிலோமீட்டர் ஒரல இழுக்கப் போறீராக்கும்?"

ஆடி மாதம்.
கணவாய் வழியே இறங்குகிற காற்று
போகையில் முதுகில் கைவைக்கும்,
வருகையில் நெஞ்சில்.
காற்றில் சம்பளம் வாங்குகிறவன்
காற்றைத் திட்டக்கூடாது என்பார்
எங்கள் சூப்பர்வைசர் ஐசக் பொன்ராஜ்.
அவர் ஜீப்பில் வருகிறவர்.

மூன்றாவதை நானேதான் அடியிலிருந்து உருவினேன்.
நடுவில் பற்கள் தாழ்ந்து, நெருங்கி.
தோளில் மட்டும் தள்ளித் தள்ளி, நிமிர்ந்து.
இரண்டு புள்ளி ஒன்று.
"இது எதுக்கு?"
"எல்லாத்துக்கும்."
"எல்லாத்துக்கும்னா ஒண்ணுக்கும் முழுசா ஆவாதே அண்ணாச்சி."
"நீரு எதுக்கு முழுசா ஆவீரு?"
பங்சர் ஒட்டிக்கொண்டிருந்த பையன் சிரித்தான்.
ஜோடி இரண்டாயிரத்து நானூறு. டியூப் தனி.

"அறுபத்தஞ்சு வரைக்கும் அடிக்கலாம்னு எழுதியிருக்கும்,
அடிக்காதீரும். நாப்பது போதும்.
மணலு வந்தா இறங்கிக் கொஞ்சம் தொறந்துவிடும்."
காற்றைப் பிடிக்கிற வேலை பார்ப்பவனிடம்
காற்றை விடச் சொல்கிறார்.

ராத்திரி அம்புக்குறியைப் பார்க்காமல்
முன்சக்கரத்தைத் தலைகீழாய் மாட்டி
திரும்பக் கழற்றினேன். அது வேறு கதை.

திங்கட்கிழமை
தாரில் பக்கத்து வீட்டு மிக்சி அளவுக்குச் சத்தம்.
முள்பாதை முடிந்ததும் இறங்கிப் பார்த்தேன்.
நெருஞ்சி மூன்றை நகத்தால் எடுத்தேன்.
நான்காவதைப் பிடுங்கப் பயந்து விட்டுவிட்டேன்.
பிறகு வால்வை அமுக்கினேன். உஸ்ஸ்.

முன்சக்கரம் குடித்தவன்போல் அலைந்தது,
புதையவில்லை.
கண்ணை அதிலிருந்து எடுக்காமல் மிதித்தேன்.
இரண்டு வருடத்தில் முதல்முறை
கால் ஊன்றாமல் நூறு, இருநூறு, முந்நூறு.

"ஏ காத்தாடி!"

கூடுதாழை செபஸ்தியாள் அக்கா.
மீன்பெட்டியோடு எக்ஸெல் வண்டி
எதிரே வந்து மணலில் இறங்கி நிற்கிறது.
தினமும் இந்த இடத்தில்
நானும் இறங்கித்தான் கிடப்பேன்.
சைக்கிளை உடைமரத்தில் சாத்திவிட்டு
பின்னால் நின்று ஒரு தள்ளு.
இன்றைக்குத் தலை நிமிராமல் தாண்டியிருக்கிறேன்.

நிறுத்தினேன். நின்றதும் சக்கரம் மணலுக்குள்.
திரும்ப நடந்து வந்து தள்ளினேன்.
ஐஸ் தண்ணீர் என் ஷூவில் ஒழுகியது.
அக்கா என் டயர் தடத்தைக் குனிந்து பார்த்தாள்.
"என்னய்யா, சாளை முள்ளாட்டம் கெடக்கு. எவ்வளவு?"
சொன்னேன்.
"அந்தக் காசுக்கு ரெண்டர கிலோ சீலா எடுக்கலாம்."
கிளம்பிவிட்டாள்.

சரல் தொடங்குகிற இடத்தில் பையைத் துழாவினேன்.
பம்பு வீட்டில்.
மூன்று கிலோமீட்டர் பாக்கி,
டயர் இரண்டும் தொப்பை தள்ளிக்கொண்டு.
பதினேழாம் நம்பர், பதினெட்டு, பத்தொன்பது,
தலைக்கு மேல் இறக்கை இறக்கையாய்
அவ்வளவு காற்று.
எனக்கு வேண்டியது பத்து பவுண்டு.