மதெய்ராக்காரன்

பிறந்தது ஞானஒளிவுபுரம்.
மஸ்கரேனாஸ் என்பது தூத்துக்குடியிலிருந்து
அப்பாவின் ரயில்வே வேலையோடு
மதுரைக்கு ஏறி வந்த பெயர்.
பள்ளிக்கூடத்தில் பறங்கி என்றார்கள்,
பிறகு பறங்கிக்காய்,
ஆறாம் வகுப்பில் வெறும் காய்.

அரசரடி மைதானத்தில் இடது ஓரம்தான் காலியாக இருந்தது.
புல் கிடையாது அங்கே, கருவேல முள் உண்டு.
லெஃப்ட் பேக் என்றால்
எதிராளி ஓடுகிற வழியிலேயே ஓட வேண்டும்,
அவனுக்கு அரை அடி முன்னால்.
கோல் போட்டவன் படம் பேப்பரில் வரும்.
ஓரத்தில் ஒரு முழங்கை தெரிந்தால்
அது நான்.

பெரம்பூரில் இரண்டு வருடம். திருச்சூர்.
மலப்புறத்தில் ராத்திரி செவன்ஸ்:
ஆட்டத்துக்கு ஆயிரத்து ஐந்நூறு, பொரோட்டா தனி.
கொல்கத்தாவில் முட்டளவு மழைத் தண்ணீரில் ஒரு லீக்.
அப்புறம் ஷில்லாங்குக்கு லோன்.
"பையனைக் கடனுக்குக் குடுத்திருக்காங்க" என்று அம்மா சொன்னபோது
மேலமாசி வீதி அடகுக்கடைக்காரர்
கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டாராம்,
"வட்டி யாருக்கு?"

வட்டி என் வலது முட்டியில் ஏறிக்கொண்டிருந்தது.

கோவாவில் அமாரோ.
ரைட் பேக். முப்பத்தாறு வயது.
சைப்ரஸ், ருமேனியா, அங்கோலா,
பெயர் மறந்துபோன ஒரு பாலைவனம்.
ஒவ்வொரு ஊரின் சம்பள பாக்கியும் மனப்பாடம்.
என் பனியன் முதுகைப் படித்தான்.
ஊர் எது என்றான்.
மதுரை.
"மதெய்ரா!" என்று கட்டிப்பிடித்தான்.
அது அவர்கள் நாட்டுத் தீவாம், அவன் பிறந்த இடமாம்.
திருத்தத்தான் வாயெடுத்தேன்.
அவன் கண்ணில் தண்ணீர்.
போகட்டும், ஒரு சீசன்தானே.

சீசன் முழுக்க நாங்கள் ஒரே ஊர்க்காரர்கள்.
நான் வலப்பக்கம் பார்த்தால் அவன்,
அவன் இடப்பக்கம் பார்த்தால் நான்,
நடுவில் அறுபது கெஜம்,
அதில் யார்யாரோ கோல் போட்டார்கள்.
ராத்திரி, விளக்கணைத்த பிறகு கேட்பான்:
மலை அப்படியே இருக்கிறதா?
இருக்கிறது, என்பேன், யானைமலையை நினைத்து.
வாழை?
சோழவந்தான் வரைக்கும்.
அந்தச் சரிவு கடலில் போய் இறங்குமே, அது?
அந்தக் கேள்விக்கு மட்டும்
எனக்குத் தூக்கம் வந்துவிடும்.

கிளப்பை மூடினார்கள். மூன்று மாத பாக்கி.
ஜனவரியில் ஒரு விடியற்காலை
மதுரை ஜங்ஷன் நான்காம் பிளாட்பாரத்தில்
ஒரே ஒரு பையோடு இறங்கினான்.
எப்போது தெரிந்தது என்று நான் கேட்கவில்லை.
இட்லி மட்டும் எத்தனை என்று கேட்டேன்.

ஏ.வி. பாலத்தில் நிறுத்தி ஆற்றைக் காட்டினேன்.
மணல். ஆகாயத்தாமரை.
உலர்த்திய வேட்டிகள், இரண்டு எருமை.
"கடல்?" என்றான்.
"லோன்ல போயிருக்கு."
அவன் சிரிக்கவில்லை.
எந்த கிளப்புக்கு, எத்தனை மாதம்,
பாக்கி ஏதாவது உண்டா
என்று ஒழுங்காக விசாரித்தான்.

கீழே பையன்கள், செருப்புகள் நட்ட கோல்,
பந்தைச் சுற்றி ஒரே கும்பல்.
இரண்டு ஓரமும் காலி.
பையை என்னிடம் கொடுத்துவிட்டு
படியில் உட்கார்ந்து
முட்டிக்கட்டை அவிழ்த்து இறுக்கினான்.
என் பையை யாரிடம் கொடுப்பது
என்று நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.