பானெட்

இருபத்தோரு டிகிரியாம்.
இதெல்லாம் ஒரு குளிரா என்று
ஊட்டியிலிருந்து வந்தவன் கேட்பான்.
கேட்கட்டும்.
விடியாத நாலேமுக்காலுக்கு
ராத்திரியெல்லாம் நீல டிரம்மில் நின்ற
லாரித் தண்ணீரில் கையை முக்கட்டும்,
பதினோரு வண்டி துடைக்கட்டும்,
அப்புறம் பேசட்டும்.

போர் தண்ணீர் வெதுவெதுப்பாகத்தான் வருகிறது.
தொட்டால் காய்ச்சல்காரன் மூச்சு மாதிரி.
ஆனால் உப்பு.
மண்ணுக்கடியில் கடல் குடிவந்துவிட்ட பேட்டை
எங்கள் புதுவண்ணாரப்பேட்டை.
காய்ந்தால் கறுப்பு வண்டி முழுக்கத் தேமல்.
செயலாளர் கிருபாகரன் நோட்டீஸ் ஒட்டியிருக்கிறார்:
கார்களுக்கு மெட்ரோ தண்ணீர் மட்டுமே.
கீழே சிவப்பு மையில் இரண்டு கோடு.

கையுறை வாங்கிக் கொடுத்தார்கள், பொய் சொல்லக் கூடாது.
வலது சுண்டுவிரலில் ஓட்டை.
உள்ளே போன தண்ணீர் வெளியே வராமல்
விரலோடு குடித்தனம் நடத்தியது.
கழற்றிப் போட்டேன்.
தேங்காயெண்ணெய் தடவலாமென்றால்
அதுவே புட்டியில் உறைந்து கிடந்தது;
சுரண்டித் தடவிய அன்றைக்கு
கண்ணாடியெல்லாம் விரல்தடம் என்றாள்
முதல் மாடி டாக்டரம்மா.
டீ வாங்கிக் குடிக்காமல்
கிளாஸை மட்டும் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறேன்.
ஆறிய டீக்கும் பன்னிரண்டு ரூபாய்தான்.

ஹபீபுல்லா பாய் வருவது ஐந்துக்கு.
ஏர்போர்ட் சவாரி முடித்து,
ஹார்பருக்கு வரிசை கட்டி நிற்கும்
டிரெய்லர்களைச் சுற்றிக்கொண்டு.
சாவியைப் பிடுங்கி, கதவைச் சாத்தி,
"இன்னாம்மா" என்பார்.
"வா பாய்" என்பேன்.
அவ்வளவுதான் எங்கள் பேச்சு.
அவர் மூன்றாம் மாடி ஏறும்வரை
பிழிந்த துணியையே பிழிந்துகொண்டிருப்பேன்.
அப்புறம் இரண்டு கையையும் விரித்து
பானெட்மேல் வைப்பேன்.

அப்பாடி.

உள்ளே டிக், டிக்கென்று
இன்ஜின் ஆறிக்கொண்டிருக்கும்.
எவனோ துபாய்க்குப் போகிறவனின் அவசரமெல்லாம்
என் மணிக்கட்டு வழியாக
முழங்கைவரைக்கும் ஏறும்.
அடியில் ஒற்றைக்காதுப் பூனை,
அதற்கும் அதே வேலை.
நான் அதைக் காட்டிக்கொடுத்ததில்லை,
அதுவும் என்னை.

சூட்டில் பச்சைத் தண்ணீர் ஊற்றினால்
பெயின்ட் போய்விடும் என்று
அந்த வண்டியைக் கடைசிக்குத் தள்ளிவிடுவேன்.
ஒன்று துடைத்தால் ஒருதரம் வந்து கை வைப்பேன்.
நாலாவது வண்டிக்கு வரும்போது
சூடு பாதியாகியிருக்கும்.
ஆறாவதுக்கு வெறும் ஞாபகம்தான்.
போதும். வெயில் வந்துவிடும் அதற்குள்.
மூன்று மார்கழி இப்படித்தான் போனது.

இந்தக் கார்த்திகைக் கடைசியில்
பாய் புது வண்டி எடுத்தார்.
பச்சைப் பலகையில் மஞ்சள் எழுத்து.
வீட்டுக்கு வீடு பிரியாணி, எனக்கும் ஒரு பொட்டலம்,
முட்டை இரண்டு வைத்து.
மறுநாள் ஐந்துக்கு
வண்டி வந்ததே தெரியவில்லை எனக்கு.
"சத்தமே இல்ல பாத்தியா" என்றார்.
வழக்கத்தைவிட அதிகப் பேச்சு.
"பொக இல்ல. சூடு இல்ல."
"ஆமா பாய்" என்றேன்,
"சூடு இல்ல."

அவர் ஏறிப் போனபிறகும்
வைத்துத்தான் பார்த்தேன்.
காசிமேட்டில் ஐஸ்பெட்டியைத் திறந்து
வஞ்சிரத்தைத் தொட்டதுபோல இருந்தது.
அடியில் போன பூனை
போன வேகத்தில் வெளியே வந்து
நான்தான் ஏதோ செய்துவிட்டேன் என்று
முறைத்தது.

நாலு நாள் அது கண்ணில் படவில்லை.
ஐந்தாம் நாள் பார்த்தால்
மோட்டார் ரூமில், ஓடுகிற போர் மோட்டார்மேல்
நாலு காலையும் மடித்துப் படுத்திருக்கிறது
மகாராணி.

கதவருகே குழாய்.
ஒரு மக்கில் பிடித்தேன்.
நோட்டீஸைத் திரும்பவும் படித்தேன்,
எழுத்துக்கூட்டி, சிவப்புக் கோடுவரைக்கும்.
கார்களுக்கு என்றுதான் போட்டிருக்கிறது.
கையைப் பற்றி அதில் ஒரு வார்த்தையும் இல்லை.

மணிக்கட்டு முங்க வைத்துக்கொண்டேன்.

காய்ந்ததும் விரலிடுக்கில்
வெள்ளை வெள்ளையாக உப்பு நிற்கிறது.
நிற்கட்டும்.
என்னைப் பாலிஷ் போட்டு
யாரும் விற்கப்போவதில்லை.
இன்னும் ஏழு வண்டி இருக்கிறது.