பின்கால்

வுப்பர்டால் நகராட்சியின் அபராதக் கடிதம்.
நல்ல தாள், விறைப்பானது.
அடியில் ஒரு கீற்றைக் கிழித்துச் சதுரமாக்கினேன்.
முப்பது யூரோ
மூன்றாம் மடிப்பிலேயே வயிற்றுக்குள் போயிற்று.
பின்கால்தான் இரண்டு முறை பிசகியது;
நகத்தால் நீவி நீவி
ஒருவழியாய்த் தவளை.
முதுகை அழுத்தி விட்டால்
உப்புக் குப்பியைத் தாண்டுகிறது!

கிழித்த கீற்றில்தான் வங்கி எண் இருந்திருக்கிறது.
தவளையைப் பிரித்து
நேரில் போனேன்.

கண்ணாடிக்கு அப்பால் திருமதி ஹோல்ஷர்
கோடுகளைப் பார்த்தார்,
என்னைப் பார்க்கவில்லை.
பணத்தை எண்ணினார், முத்திரை குத்தினார்,
பிறகு பழைய தடத்திலேயே
மடிக்கத் தொடங்கினார்.
பின்கால் வந்ததும் கை நின்றது.
"இதை உள்பக்கமாகத் திருப்பியிருக்கணும்,
பாருங்கள்" என்று
தாளைக் கண்ணாடியோடு ஒட்டிப் பிடித்தார்.

நான் குனிந்தேன்.
எனக்குப் பின்னால் பதினோரு பேர்.