சாவிக் கொக்கி

பதினான்கு குளிர்காலம் வண்டி ஓட்டிய கை.
நாற்காலியில் உட்கார்ந்த பின்னும்
வலப்பக்கம் நழுவிப்போய்
இல்லாத கியரைத் தேடுகிறது.

கெமியார்வி, பனி அகற்றும் பணிமனை.
இரவு இரண்டு மணி. மைனஸ் ஏழு.
இருபது என்றால் வானம் தானே அடங்கிவிடும்,
ஏழு என்றால்
கொட்டிக்கொண்டே இருக்கும்.

மேற்பார்வையாளர் மீர்வா.
கதவில் ஒட்டி ஆறு வாரம்தான் ஆகிறது,
முதல் எழுத்து அதற்குள் உரியத் தொடங்கிவிட்டது.

எதிர்ச் சுவரில்
தலைமை அலுவலகம் அனுப்பிய சுவரொட்டி.
மலையுச்சியில் கைவிரித்து ஒருவன்.
'உன் எல்லையைத் தாண்டு.'
என் எல்லை எட்டு வண்டி, அறுநூறு கிலோமீட்டர்.
தாண்டினால்
பக்கத்து ஊராட்சிக்காரன் சண்டைக்கு வருவான்.

முதல் வாரமே தாண்டினேன், அது வேறு கதை.

இல்போவுக்குக் காய்ச்சல் என்று தகவல் வந்ததும்
கொக்கியிலிருந்து சாவியை நானே எடுத்தேன்.
யாரும் கேட்கவில்லை. நானும் யோசிக்கவில்லை.
என்ன ஆனந்தம் அது!
பிளேடு தரையைத் தொடும் அந்தக் கரகரப்பு,
விளக்கொளியில் அலையாய்ச் சுருண்டு விழும் பனி,
திரும்பிப் பார்த்தால்
நான் செய்த வேலை
கறுப்பாக, நேராக, என் பின்னாலேயே.

இரண்டேகால் மணி நேரம்.
அத்தனை நேரமும்
ஆளில்லாத இந்த அறையில்
வயர்லெஸ் கூப்பிட்டுக்கொண்டிருந்தது.
பாலத்தில் மரலாரி குறுக்கே கிடக்கிறது,
எந்த வழியாகச் சுற்றிவர என்று தாய்னா
ஏழு முறை கேட்டிருக்கிறாள்.
பின்னால் பால் வண்டி, அதற்குப் பின்னால் நாலு கார்.

காலையில் வந்தவள் கத்தவில்லை.
கையுறைகளை ஹீட்டர்மேல் போட்டாள்.
'எங்கே இருந்தாய்?'
'சாலையில்.'
'நானும் சாலையில்தான் இருந்தேன்' என்றாள்.

அன்று பதிவேட்டில் எழுதினேன்:
2.10 முதல் 4.25 வரை வயர்லெஸ்ஸில் ஆளில்லை.
தவறு மீர்வாவுடையது.
முதலில் பென்சிலால்.
வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு
அதன் மேலேயே பேனாவால்.

இன்றைக்கு மறுபடியும்.
ஏரிக்கரைச் சாலையில்
இல்போ பள்ளத்தில் இறங்கிவிட்டான்.
ஆளுக்கு ஒன்றுமில்லை, வண்டிதான் அசையவில்லை.
மாற்று வண்டியின் சாவி
கொக்கியில் மெல்ல ஆடுகிறது.
(ஆடவில்லை. எனக்கு அப்படித் தெரிந்தது.)

சாவியை எடுத்து
ஒஸ்மோவிடம் கொடுத்தேன்.
வயது ஐம்பத்திரண்டு. செப்டம்பர் வரை
பேருந்து ஓட்டியவர். பனிக்குப் புதியவர்.
வளைவுகளை அகலமாக எடுப்பார்,
உள்ளே இன்னும் நாற்பது பயணிகள் இருப்பதுபோல.

மூன்றாவது கம்பம் தாண்டியதும்
சாலை இடப்பக்கம் அமுங்கும்,
பிளேடை ஒரு விரல் தூக்குங்கள் என்றேன்.
சொல்ல இன்னும் இருபது இருந்தது.
வாயை மூடிக்கொண்டேன்.
என் வாழ்க்கையில் நான் தூக்கிய
அதிகபட்ச எடை அதுதான்.

இருபத்துமூன்று நிமிடம்
வயர்லெஸ்ஸில் இரைச்சல் மட்டும்.
பொத்தானை ஒருமுறை அழுத்தினேன்,
பேசாமல் விட்டேன்.
உட்கார், மீர்வா. உட்கார்.
காப்பியில் ஆடை படிந்தது.
இதற்கிடையில் தாய்னா வழி கேட்டாள், சொன்னேன்.
ஆம்புலன்ஸ்காரர்கள் கேட்டார்கள், சொன்னேன்.
நான் இங்கே இருந்தேன்.

பிறகு ஒஸ்மோவின் குரல்,
பேருந்து நிறுத்தம் அறிவிக்கும் அதே நிதானம்:
'மூன்றாவது கம்பம் நீங்கள் சொன்னபடியே.
ஐந்தாவதிலும் அமுங்குகிறதே, தெரியாதா?'

தெரியாது.
பதினான்கு வருடம் அதன் மேல் போயிருக்கிறேன்,
தெரியாது.

சுவரொட்டியைக் கழற்றித் திருப்பினேன்.
பின்பக்கம் நல்ல வெள்ளைத் தாள்.
ஏரியை வரைந்து, சாலையை இழுத்து,
ஐந்தாவது கம்பத்தில் ஒரு பெருக்கல் குறி.
கீழே ஒஸ்மோ என்று எழுதி
பென்சிலை நூலில் கட்டித் தொங்கவிட்டேன்.

ஆறு மணிக்கு ஷிப்ட் முடிந்து வந்தவர்கள்
பூட்ஸ் பனியை உதறியபடி அதைப் பார்த்தார்கள்.
ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை.
தாய்னா மட்டும் பென்சிலை எடுத்து
நான் வரைந்த ஏரியின் கரையைத் திருத்தினாள்.