நூற்றுக்கு மூன்று

சாலைக்கு அந்தப்பக்கம் கடல்.
அதனால் காலாப்பட்டில் எங்கள் ஆய்வகச் சன்னலை
யாரும் திறப்பதில்லை.
ஒரு மழைக்காலம் வெளியில் கிடந்தால்
மீகடத்தி வில்லை
நமத்த அப்பளம்.

இட்ரியம் ஒரு பங்கு, பேரியம் இரண்டு, செம்பு மூன்று.
ஆக்சிஜன் ஏழுக்குக் கொஞ்சம் குறைய.
எவ்வளவு குறைய என்பதில்தான்
என் மூன்று வருடம் போயிற்று.

இந்த முறை ஆறு வில்லைகள்.
இரண்டு, கலப்பில்லாதவை.
இரண்டில் வெள்ளி.
இரண்டில் துத்தநாகம், நூற்றுக்கு மூன்று.
பென்சிலால் எண் போட்டது நஜ்முன்னிசா.
தொள்ளாயிரத்து முப்பது டிகிரியில்
பென்சில் என்ன ஆகும் என்று
இருவருக்குமே தோன்றவில்லை.

உலையைத் திறந்தால் ஆறும் ஒரே கறுப்பு.
தட்டைச் சாய்த்து எடுத்ததில்
வரிசையும் போச்சு.
அவள் காரைக்கால் பேச்சில் தன்னையே திட்டிக்கொண்டாள்.
நான் எடை போட்டேன்,
முகர்ந்துகூடப் பார்த்தேன்.

செவ்வாய்க்கிழமை சேதராப்பட்டிலிருந்து
திரவ நைட்ரஜன் வந்தது.
தெர்மாகோல் கிண்ணத்தில் ஊற்றினோம்.
தோசைக்கல்லில் நீர் தெளித்த சத்தம்,
மைனஸ் நூற்றுத் தொண்ணூற்றாறில்.

முதல் வில்லையின் மேல் வைத்த காந்தம்
எதையும் தொடாமல் நின்றது.
இரண்டாவதன் மேலும் நின்றது,
பிறகு டிக் என்றொரு சத்தம்,
வில்லை இரண்டாய்ப் பிளந்தது.
அப்போ இது கலப்பில்லாதது.
வெள்ளி போட்டதை மூன்று முறை அமிழ்த்தி எடுத்தும்
விரிசல் இல்லை.
வெள்ளி படிகத்துக்குள் நுழையாது,
மணிக்கும் மணிக்கும் நடுச்சந்தில் உட்கார்ந்து
பொக்கையை அடைக்கும், அவ்வளவுதான்.

துத்தநாகம் அப்படியில்லை.
அளவில் கிட்டத்தட்ட செம்புதான்,
வாசலில் தடுக்க ஆளில்லை.
செம்பின் நாற்காலியிலேயே போய் உட்கார்ந்துவிடும்.
சுற்றி நடக்கும் எலக்ட்ரான் ஜோடிகள்
கையை விட்டுவிடும்.

ஐந்தாவது. ஆறாவது.
காந்தம் படுத்தே கிடந்தது.
கிண்ணத்தைத் தட்டிப் பார்த்தாள். கிடந்தது.
“செத்துப்போச்சு” என்றாள்.

சாகவில்லை.
இன்னும் பதினைந்து இருபது டிகிரி கீழே போனால்
இதுவும் தூக்கும்.
அந்தக் குளிருக்கு ஹீலியம் வேண்டும்.
ஹீலியம் வேறு ஊரில் இருக்கிறது,
மூன்று மாத வரிசைக்குப் பின்னால்.

நஜ்முன்னிசா ஊசியால்
அதன் முதுகில் 3 என்று கீறினாள்.
சிலிக்கா ஜெல் டப்பாவில் போட்டு
மூடியைச் சுற்றி டேப் ஒட்டும்போது
கரண்ட் போயிற்று.
வேர்வையில், சன்னல் கொக்கிக்குப் போன என் கையை
இருட்டிலேயே தட்டிவிட்டாள்.