வியாழன் வரை

"வியாழக்கிழமை வா" என்றது ஜன்னல்.
இன்று திங்கள்.
ஜன்னலுக்குப் பின்னால் ஒரு கை மட்டும் தெரிந்தது,
கல் மோதிரமும் முத்திரைக் கட்டையுமாக.

மோல்மேன் திரும்பும் பஸ் காசை
உள்பையில் வைத்து ஊக்குக் குத்திவிட்டேன்.
விடுதிக் கட்டிலுக்குத் தனியே எடுத்துவைத்தேன்.
மிச்சத்தை எண்ணினால்
ரங்கூனில் மூன்று நாள் நடக்கலாம்,
எங்கும் உட்கார முடியாது.

கீழ்க்கட்டில் தீரி, பஸ்ஸீன்காரி.
அவளுக்கும் வியாழன்தான்.
பொற்கோபுரம் பள்ளிக்கூடத்தோடு வந்து பார்த்தாயிற்று.
ஏரிக்கரை ஓட்டல்களை வெளியே நின்று பார்த்தாயிற்று.
"காசில்லாதவர்கள் இந்த ஊரில்
எங்கேதான் உட்காருவார்கள்?" என்றாள்.
அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு கிளம்பினோம்.

ஊரைச் சுற்றிவந்து
ஏறின இடத்திலேயே இறக்கிவிடும் ரயில்.
ஒரு தேநீர்க் காசுகூட இல்லை,
மூன்று மணி நேரம் பெஞ்சு எங்களுடையது.
தன்யின்கோனில் கீரைக்கட்டு ஏறியது, முள்ளங்கி ஏறியது,
முள்ளங்கி மூட்டைமேல் ஒருத்தி ஏறித் தூங்கிப்போனாள்.
பச்சை இலை வாசத்தில் தீரி செருப்பைக் கழற்றினாள்.
எதுவரை என்று கேட்ட டிக்கெட்காரரிடம்
"இதுவரைதான்" என்றோம்.
அவர் சிரிக்கவில்லை. பலபேரைப் பார்த்திருப்பார்.

செவ்வாய்:
ஒற்றைச் சமோசாவை இரண்டாகப் பிட்டு
மேசை பிளாஸ்கிலிருந்த வெறுந்தேநீரை
ஒன்பது கோப்பை குடித்தோம்.
பத்தாவதற்குப் பையன் பிளாஸ்கை எடுத்துப் போய்விட்டான்.
அங்கிருந்து இரண்டு தெருக்களின் முதுகுக்கு நடுவே
குப்பைச் சந்தாக இருந்த இடம்.
இப்போது டயர் ஊஞ்சல், சுவரில் நீல யானை,
யானையின் வயிற்றில் யாரோ எழுதிய கணக்குப் பாடம்.
ஊஞ்சலுக்கு வரிசையில் நின்றோம்
ஏழு வயதுக்காரர்களுக்குப் பின்னால்.

புதன் மழை.
இந்த ஊர் மாடிகளிலிருந்து கயிறுகள் தொங்கும்.
நுனியில் கிளிப்பு, தலையில் மணி.
பேப்பரைச் செருகி இழுத்தால் பேப்பர் ஏறிப்போகும்.
தீரி குடையை விரித்தாள், கம்பி கயிற்றில் மாட்டியது,
ஐந்தாம் மாடியில் கிணிங்.
யாரும் எட்டிப் பார்க்கவில்லை.
கயிறு மேலே போய்
சாவியோடு இறங்கி வந்தது.

"நாம் திருடிகளாக இருந்தால்?"
"ஐந்து மாடி ஏறுகிற திருடி உண்டா?"
ஏறினோம்.
மூன்றாம் படிக்கட்டுத் திருப்பத்தில்
ஓட்டில் பதித்த தமிழ்: ப. ழ.
மீதியைச் சிமெண்டு தின்றிருந்தது.
என்ன எழுதியிருக்கிறது என்றாள் தீரி.
பாதிப் பெயர் என்றேன்.
அட்டையில் நிலார்வின்,
வீட்டுக்குள் மட்டும் நீலாயதாட்சி என்பவள்
வேறென்ன சொல்ல.

கதவில் டாவ் ஓன்,
கழுத்தில் அளவுநாடா, வாயில் குண்டூசிகள்.
"கேஸ்காரன் இல்லையா?"
முகம் விழுந்தது.
விழுந்த முகத்தோடே இரண்டு வாளிகளைக் காட்டினாள்.
ஏறினது ஏறினீர்கள்,
மொட்டைமாடிச் செடிக்கு இதையும் கொண்டுபோங்கள்.
மழை பெய்கிறதே என்றோம்.
தகரக் கூரைக்கு அடியில் இருக்கும் செடிக்கு
மழையைப் பற்றி என்ன தெரியும் என்றாள்.

ஊற்றினோம். பிறகு அங்கேயே,
கவிழ்த்த வாளிகளின் மேல், உட்கார்ந்தோம்.
ஆறு தெரிந்தது.
தலாவுக்குப் போகும் படகு,
படகின் பின்னே கடற்புறாக்கள்,
ஆயிரம் கூரைகளில் எடுக்க மறந்த துணிகள்.
கீழே தையல் மிஷின் ஓடி நின்று ஓடியது.
சாயங்காலம் வரை யாரும்
எங்களைப் போகச் சொல்லவில்லை.

வியாழன்.
மோதிரக் கை தீரிக்கு முத்திரை குத்தியது.
என்னிடம் "திங்கள் வா" என்றது.
தீரி அழுதாள், எனக்காகவா பயணத்துக்காகவா தெரியவில்லை.
கம்பி வளைந்த குடையைக் கொடுத்துவிட்டுப் போனாள்.

வரிசையில் எனக்குப் பின்னால்
தவுஞ்சீயிலிருந்து வந்த ஒருத்தி, புதுப் பை,
நான்கு நாள் எப்படிக் கழிப்பது என்று கேட்டாள்.
செல்லாத படிவத்தின் பின்பக்கத்தில்
ரயில் வட்டம் போட்டேன், பிளாஸ்க் போட்டேன்,
ஒன்பதாவது கோப்பையோடு நிறுத்தச் சொன்னேன்.
யானையும் ஊஞ்சலும் வரைந்தேன்.
கயிறுகளும் வரைந்தேன், ஒரு தெரு முழுக்க.

எது என்று சொல்லவில்லை.
திங்கள் வரை
எனக்கும் உட்கார ஓர் இடம் வேண்டும்.