ஏற்பவர்

பீன்யா, மூடிக் கிடக்கும் முலாம் பட்டறையின் பின்மனை.
பதினேழாம் குழியில் இது எனக்கு மூன்றாவது முறை.
துளைக்கருவியைத் திருகத் திருக
வருவது அதே மண்:
முதலில் செங்கல் தூள், பிறகு பசைக் களிமண்,
ஐந்தடியில் அந்த மஞ்சள்.

போன ஆண்டு இந்தக் குழிக்கு எதிரே
சிவப்பு மையில் எழுதினோம்: அகற்றுக.
எத்தனை லாரி என்றுகூடக் கணக்குப் போட்டிருந்தோம்,
நானூற்றுப் பன்னிரண்டு.
பிறகு ஒரு வியாழக்கிழமை திருத்தம் வந்தது.
அட்டவணை மூன்று, பத்தி ஆறு,
பழைய எண்ணின் மேல் கோடு, பக்கத்தில் புதிய எண்,
பண்டிகைக்குப் பின் தையற்காரர்
இடுப்புத் துணியைப் பிரித்து விடுவதுபோல.
மண் அசையவில்லை.
எல்லைதான் ஓர் இரவில் மண்ணைத் தாண்டிப் போயிருந்தது.

பயிற்சி என்று ஹோட்டல் அரங்குக்கு அழைத்தார்கள்.
காபி நன்றாக இருந்தது.
வந்தவர் திரையில் மூன்று வட்டங்கள் போட்டார்:
மூலம். பாதை. ஏற்பவர்.
மூன்றும் சேர்ந்தால்தான் ஆபத்து.
பாதையை மூடு, கான்கிரீட் போடு,
மூலம் தூங்கட்டும்.
இவ்வளவு மண்ணையும் அள்ளி இன்னோர் ஊரில் கொட்டுவதில்
என்ன நியாயம் என்றும் கேட்டார்.
அந்தக் கேள்வியில் தப்பில்லை.
நான் கோலார் தங்கவயல்காரி.
பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் சயனைடு மேடு,
காற்றடித்தால் கரும்பலகை வெளுக்கும்.
கொட்டிய இடம் எப்படி இருக்கும் என்று
எனக்கு யாரும் படம் போட்டுக் காட்ட வேண்டாம்.
ஆனாலும் மூன்றாவது வட்டத்துக்குள்
அவர் யாரையும் வரையவில்லை.

படிவத்தில் கட்டம் பதினொன்று: ஏற்பவர் உண்டா?
வரப்போவது ஒன்பது மாடி,
தரைத்தளம் முழுக்கக் கார் நிறுத்தம்.
கார்கள் மண் தின்பதில்லை.
"இல்லைன்னு போடுங்க, ஜெசிந்தா" என்றார் பட்,
கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தபடி.
கெட்டவர் இல்லை. இரண்டு பெண்களுக்குக் கல்லூரிக் கட்டணம்.
போட்டேன்.

கிளம்பும்போது தகரக் கொட்டகையிலிருந்து ஹுலிகெம்மா வந்தாள்,
காவலாளி துருகப்பாவின் மனைவி, ராய்ச்சூர்ப் பக்கம்.
கையில் ஒரு கட்டு தண்டுக்கீரை,
வேரோடு, வேரில் மண்ணோடு.
மதிலோரம் இரண்டு பாத்தி வைத்திருக்கிறாள்.
மூன்று முறையும் அதைச் சுற்றித்தான் நடந்திருக்கிறேன்,
வரைபடத்தில் இல்லாததால் பார்க்கவில்லை.
"சாரு மாடி" என்றாள், பைக்குள் திணித்தாள்.

பச்சை வழித்தட மெட்ரோ.
ஐஸ் பெட்டிக்குள் பதினேழாம் குழி,
ஐஸ் பெட்டிக்கு மேல் கீரை.
பக்கத்தில் நின்றவர் கட்டு என்ன விலை என்று கேட்டார்.

ஆய்வகத்தில் எல்லோரும் போன பிறகு
இலைகளைக் கழுவினேன், மூன்று தண்ணீர், வீட்டில் கழுவுவதுபோல.
உலர்த்தி, பொடித்து, அமிலத்தில் கரைத்து
இயந்திரத்துக்குக் கொடுத்தேன்.
அது ஓர் எண்ணைச் சொன்னது.
அந்த எண்ணோடு அட்டவணையைப் புரட்டினேன்:
குடியிருப்பு, வணிகம், தொழில், பூங்கா,
சதுப்புநிலத்துக்குக்கூட ஒரு வரிசை இருக்கிறது.
மதிலோரப் பாத்திக்கு இல்லை.

மறுநாள் எனக்கு விடுமுறை. போனேன்.
சாரு எப்படி இருந்தது என்று கேட்டாள்.
என் கன்னடம் வேறு, அவள் கன்னடம் வேறு.
குச்சியெடுத்துத் தரையில் வட்டம் போட்டேன்,
ஒன்று, இரண்டு.
அவள் பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.
மூன்றாவதைப் போடாமல் விஷம் என்றேன்.
அவளுக்கும் அது விஷம்தான்.

அழவில்லை, ஏசவில்லை.
பாத்தியைப் பார்த்தாள்,
கொட்டகைக்குள் தொங்கிய தூளியைப் பார்த்தாள்,
போய் மண்வெட்டியை எடுத்து வந்தாள்.
எத்தனை அடி தோண்டினால் நல்ல மண் வரும்?

என் துளைக்கருவி பதினைந்து அடி நீளம்.
அதுவரை போயிருக்கிறேன்.